பயாஸில் டிபிஎம் அமைப்பு: சாவி முதலில், சுவிட்ச் பிறகு

கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலான பயாஸுக்குள் நுழைந்து, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் வரியை மாற்ற அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிட வேலைக்கு ஒரு நாள் முழுவதும் பரிகாரம் தேடியவன் நான். தெரிந்த ஒருவரின் கணக்கு அலுவலகத்தில் பழைய மேசைக் கணினி ஒன்றை விண்டோஸ் 11க்குத் தயார் செய்யச் சொன்னார்கள். மதர்போர்டில் செருகியிருந்த பாதுகாப்புச் சிப் 1.2 பதிப்பு. விண்டோஸ் 11 கேட்பது 2.0. பிராசசருக்குள்ளேயே 2.0 இருக்கிறதே என்று பயாஸில் அதற்கு மாற்றினேன். அதோடு நின்றிருந்தால் பழையதற்கே திரும்பிப் பிழைத்திருப்பேன். ‘பழையது எதற்கு, சுத்தமாகத் தொடங்கலாம்’ என்று மாற்றுவதற்கு முன்பே பழைய சிப்பில் இருந்தவற்றை அழித்தும் விட்டேன்.

அடுத்த முறை கணினி எழுந்தபோது நீலத் திரை. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. உரிமையாளர் எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, ஏதோ நம்பர் கேட்கிறதே?” என்றார். அந்த டிஸ்க், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பது அவருக்கும் தெரியாது, பார்க்காமல் போனதால் எனக்கும் தெரியாது. முன்பு கணினியை அமைத்தவர் அச்சிட்டுக் கொடுத்த தாள், மாலை ஐந்து மணிக்கு மேல், பழைய ரசீதுப் புத்தகம் ஒன்றின் நடுவில் கிடைத்தது. அது கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் முகம் எனக்கு இருந்திருக்காது.

ஆகவே இங்கே வரிசை முக்கியம். பயாஸ் பற்றிப் பேச ஆரம்பிக்கவே கொஞ்ச நேரமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருப்பது எது?

டிபிஎம் என்பது சாவிகளை வைத்துக்கொள்ளும் சிறு பெட்டகம். டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் சாவி அதற்குள் இருக்கும். கணினி வழக்கம்போல, யாரும் கைவைக்காத நிலையில் எழுந்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டுமே சாவியை வெளியே கொடுக்கும். இது மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, மதர்போர்டில் பற்றவைத்த அல்லது செருகிய தனிச் சிப். இன்ஃபினியான், நுவோடான், எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் ஆகியவை இவற்றைத் தயாரிக்கின்றன. இரண்டாவது, இன்டெல் கணினிகளில் பிடிடி என்ற பெயரில் ஃபர்ம்வேராக, அதாவது கருவிக்குள்ளேயே எழுதிவைத்த நிரலாக ஓடுவது. மூன்றாவது, ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரில், பிராசசருக்குள் இருக்கும் தனிப் பாதுகாப்புப் பகுதியில் ஓடுவது. பின்னிரண்டுக்கும் கடையில் வாங்க எதுவுமில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, பயாஸில் அணைந்து கிடக்கலாம், அவ்வளவுதான்.

விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து டிபிஎம், ஒரு புள்ளி, எம்எஸ்சி என்று ஆங்கில எழுத்துகளில் இடைவெளியில்லாமல் தட்டுங்கள். திறக்கும் சாளரத்தில் தயாரிப்பாளர் பெயர் சுருக்கமாக இருக்கும். ஐஎன்டிசி என்றால் இன்டெல், ஏஎம்டி என்றால் ஏஎம்டி, ஐஎஃப்எக்ஸ் என்றால் இன்ஃபினியான் தனிச் சிப், என்டிசி என்றால் நுவோடான். பக்கத்திலேயே பதிப்பு எண் 1.2 அல்லது 2.0. பொருத்தமான டிபிஎம் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இந்தச் சாளரத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிட உதவும்.

சாவியை எடுத்து வையுங்கள்

‘நான் பிட்லாக்கர் போடவே இல்லையே’ என்று சொல்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பொருத்தமான கணினிகளில் டிஸ்க்கைப் பூட்டும் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடும். உங்களிடம் அனுமதி கேட்டதாக நினைவிருக்காது, ஏனென்றால் கேட்பதில்லை. அதனால் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்டு செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற வரி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். புரோ பதிப்பு என்றால் ‘மேனேஜ் பிட்லாக்கர்’ என்று தேடினால் நேராக அந்தப் பக்கமே வரும்.

ஆன் ஆகியிருந்தால் மீட்புச் சாவி எங்கோ ஓரிடத்தில் இருக்க வேண்டும். வீட்டுக் கணினிக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அலுவலகக் கணினிக்கு நிறுவனத்தின் ஐடி பிரிவிடம் இருக்கும். கணக்கில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு தொடராதீர்கள். இன்னொரு கருவியிலிருந்து அந்தக் கணக்குக்குள் நுழைந்து, சாவியைக் கண்ணால் பார்த்து, தாளில் எழுதுங்கள். ஒரே கணக்கில் மூன்று நான்கு கணினிகளின் சாவிகள் கிடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. நீலத் திரையும் அதே அடையாள எண்ணைக் காட்டும். முதல் எட்டு எழுத்துகளைச் சாவியோடு சேர்த்து எழுதிவையுங்கள்.

சாவி என்பது ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகள். எழுதியது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். உதாரணமாக 135795 என்று ஒரு தொகுதி இருந்தால், 11ஆல் வகுக்க 12345 வரும். சரி. மீதி வந்தால் எங்கோ ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள். 7 என்பதை 1 என்று எழுதுவது என் வழக்கமான பிழை. கைபேசிக் கால்குலேட்டரில் எட்டு வகுத்தல், இரண்டு நிமிடம்.

இன்னொன்று. அந்தச் சாவியை, பூட்டப்பட்ட அதே கணினியின் டெஸ்க்டாப்பில் சேமிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளுவது போன்றது அது.

பூட்டை இடைநிறுத்துங்கள்

பிட்லாக்கர் பக்கத்தில் ‘சஸ்பெண்ட் ப்ரொடெக்ஷன்’ என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கினால் டிஸ்க்கின் குறியாக்கம் அப்படியே இருக்கும், ஆனால் டிபிஎம்மைக் கேட்காமலே திறக்கும்படி தற்காலிகமாக ஒரு வழி விட்டுவைக்கப்படும். ஒரு முறை ரீஸ்டார்ட் ஆனதும் இந்த இடைநிறுத்தம் தானாக முடிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். பயாஸ் வேலையில் இரண்டு மூன்று ரீஸ்டார்ட் சகஜம். அதனால் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, மேனேஜ்-பிடிஇ கட்டளையில் ப்ரொடெக்டர்ஸ், டிசேபிள், சி டிரைவ் ஆகியவற்றோடு ரீபூட்கவுண்ட் 0 என்றும் சேர்த்துக் கொடுப்பது என் பழக்கம். பூஜ்யம் என்றால் நீங்களே திரும்பப் போடும் வரை இடைநிறுத்தம் நீடிக்கும். ஹோம் பதிப்பில் சஸ்பெண்ட் இணைப்பு கண்ணில் படாது. அவர்களுக்கும் இந்தக் கட்டளை வேலை செய்யும்.

ஒரே சிப்பில் சின்ன மாற்றம் என்றால் இடைநிறுத்தம் போதும். தனிச் சிப்பிலிருந்து ஃபர்ம்வேருக்கோ, அங்கிருந்து இங்கோ மாறுவதாக இருந்தால், நான் குறியாக்கத்தையே முழுமையாக நீக்கிவிட்டு, மாற்றம் முடிந்ததும் மறுபடி போடுவேன். பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்காகும். கணக்கு அலுவலகத்தில் பட்டதற்குப் பிறகு அந்த நேரம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

கைரேகை, முகம், பின் எண் கொண்டு விண்டோஸுக்குள் நுழைபவர்கள் தங்கள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று இப்போதே சோதித்துக்கொள்ளுங்கள். அந்தப் பின் எண்ணும் டிபிஎம்மோடு கட்டப்பட்டது. சிப் மாறினால் பின் எண் செல்லாது, பாஸ்வேர்டு ஒன்றே வழி.

பயாஸில் எங்கே தேடுவது?

கணினி எழும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையை விடாமல் தட்டுங்கள். மடிக்கணினிகளில் எஃப்1, எஃப்10 என்றும் இருக்கலாம். உள்ளே போனபின் ஒரே பொருளுக்கு ஊருக்கொரு பெயர் என்ற கதைதான். ஏசுஸ் மதர்போர்டில், ஏஎம்டி என்றால் ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் ஏஎம்டி எஃப்டிபிஎம் கான்ஃபிகரேஷன், இன்டெல் என்றால் அதே பகுதியில் பிசிஎச்-எஃப்டபிள்யூ கான்ஃபிகரேஷன். எம்எஸ்ஐயில் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குள் டிரஸ்டட் கம்ப்யூட்டிங். ஜிகாபைட்டின் இன்டெல் போர்டுகளில் ‘மிஸலேனியஸ்’ என்ற பகுதிக்குள் பிடிடி ஒளிந்திருக்கும். பாதுகாப்புச் சிப்பை ‘இதர’ பகுதியில் வைத்தவரை நான் ஒரு நாள் சந்திக்க விரும்புகிறேன். லெனோவா மடிக்கணினிகளில் ‘செக்யூரிட்டி சிப்’. எச்பியில் டிபிஎம் டிவைஸ் என்ற வரியில் அவைலபிள், ஹிட்டன் என்று இரண்டு தேர்வுகள். ஹிட்டன் என்றால் சிப் இருக்கிறது, விண்டோஸுக்குக் காட்டவில்லை என்று பொருள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் ஃபர்ம்வேர் டிபிஎம் போதும் என்பது என் கருத்து. 2021 ஜூனில் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டதும், பிராசசருக்குள்ளேயே 2.0 இருப்பது தெரியாமல் பலர் தனி மாட்யூல் தேடி அலைந்தார்கள், விலையும் ஏறியது. வாங்கியே தீர வேண்டும் என்றால் உங்கள் மதர்போர்டின் கையேட்டில் செருகியின் பின் (ஊசி) எண்ணிக்கையையும், இணைப்பு வகை எல்பிசியா எஸ்பிஐயா என்பதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். 14 பின், 20 பின் என்று பல வகை இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மாட்யூல் இன்னொன்றின் போர்டில் உட்கார்ந்தாலும் மின் இணைப்புகள் இடம் மாறியிருக்கலாம்.

பாதுகாப்பு என்று பார்த்தாலும் தனிச் சிப் எப்போதும் மேல் என்று சொல்ல முடியாது. 2017இல் இன்ஃபினியான் சிப்கள் ஆர்எஸ்ஏ சாவிகளை உருவாக்கும் முறையில் பலவீனம் கண்டுபிடிக்கப்பட்டு, ரோகா என்ற பெயரில் பேசப்பட்டது. அந்தச் சிப்களுக்கெல்லாம் ஃபர்ம்வேர் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சிப்புக்கும் பிராசசருக்கும் இடையே போகும் கம்பிகளை ஒட்டுக்கேட்டு, ராஸ்பெர்ரி பை பிகோ என்ற மலிவான பலகையின் உதவியால் 43 வினாடியில் பிட்லாக்கர் சாவியை எடுத்துக் காட்டினார் ஒருவர், 2024இல். ஃபர்ம்வேர் வகைக்கு அந்தக் கம்பியே கிடையாது. ஆனால் 2023இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்னழுத்தத்தைத் தடுமாற வைத்து ஏஎம்டி எஃப்டிபிஎம்மையும் உடைத்தார்கள். கணினி திருடுபோகலாம் என்ற பயம் உண்மையிலேயே இருந்தால், எந்த வகை சிப்பாக இருந்தாலும், எழும்போதே பின் எண் கேட்கும்படி பிட்லாக்கரை அமையுங்கள்.

டிரஸ்டட் கம்ப்யூட்டிங் பக்கம், வரி வரியாக

ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸைப் பயன்படுத்தும் பல மதர்போர்டுகளில் இந்தப் பக்கம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். புதியவர்கள் பயந்து திரும்புவது இங்கேதான். பத்து வரிகளில் நீங்கள் தொட வேண்டியது ஒன்றோ இரண்டோதான். மற்றவை என்ன என்று தெரிந்தால் தொடாமல் இருப்பதும் சுலபம்.

‘செக்யூரிட்டி டிவைஸ் சப்போர்ட்’. இதுதான் மெயின் சுவிட்ச். எனேபிள். இதை அணைத்தால் சிப் அழியாது, ஆனால் இயங்குதளத்தின் கண்ணுக்குத் தெரியாது.

அதன் கீழே ‘ஆக்டிவ் பிசிஆர் பேங்க்ஸ்’, ‘அவைலபிள் பிசிஆர் பேங்க்ஸ்’ என்று இரண்டு தகவல் வரிகள். பிசிஆர் என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் நீலத் திரையின் ரகசியமே அதில்தான் இருக்கிறது. டிபிஎம்முக்குள் 0 முதல் 23 வரை 24 பதிவேடுகள் இருக்கின்றன. கணினி எழும்போது ஒவ்வொரு படியும் அடுத்த படியை அளந்து, அந்த அளவைப் பதிவேட்டில் சேர்க்கும். பழைய கணக்குப்பிள்ளை பேரேடு போல, இதில் அழித்தல் திருத்தல் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் எண்ணையும் புதிய அளவையும் சேர்த்துக் கலக்கி, வரும் எண்ணை எழுதிக்கொள்ளும். தயிரிலிருந்து பாலை மீட்க முடியாததுபோல, முடிவு எண்ணிலிருந்து பின்னோக்கிப் போக முடியாது. பூஜ்யமாவது கணினி புதிதாக எழும்போதுதான். 0ஆம் பதிவேடு பயாஸின் நிரலை அளக்கிறது, 4ஆவது இயங்குதளத்தை எழுப்பும் பூட் மேனேஜரை, 7ஆவது, நம்பகமான கையெழுத்துள்ள நிரலை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் என்ற ஏற்பாட்டின் நிலையை. செக்யூர் பூட் ஒழுங்காக இருந்தால் பிட்லாக்கர் 7, 11 ஆகிய இரண்டை மட்டும் பார்க்கும். இல்லாவிட்டால் 0, 2, 4, 11 என்று பார்க்கும். இரண்டாவது வகைக் கணினியில் பயாஸை அப்டேட் செய்தாலே 0ஆம் எண் மாறிவிடும், அடுத்த நிமிடம் நீலத் திரை. ‘நான் ஒன்றுமே செய்யவில்லை, பயாஸ் அப்டேட் மட்டும்தான்’ என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம்.

‘எஸ்எச்ஏ256 பிசிஆர் பேங்க்’. எனேபிள். பேங்க் என்பது ஒரு கணக்கீட்டு முறைக்கான பதிவேட்டுத் தொகுதி. எஸ்எச்ஏ1 என்ற முறை பழசு, தேவையில்லை. எஸ்எச்ஏ384 இருந்தால் ஆசைப்பட்டு அதையும் போட வேண்டாம். பேங்குகளை மாற்றினால் அளவுகள் எழுதப்படும் இடமே மாறும், ஆகவே இடைநிறுத்தாமல் இந்த வரியைத் தொடாதீர்கள்.

‘பெண்டிங் ஆபரேஷன்’. நன். இதில் இருக்கும் இன்னொரு தேர்வு டிபிஎம் கிளியர். அதைத் தேர்ந்து சேமித்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில் உள்ளே இருந்த சாவிகள் போய்விடும். திரும்பப் பெற வழியே இல்லை. பார்ப்பதற்கு மற்ற வரிகளைப் போலவே அப்பாவியாக உட்கார்ந்திருக்கும். நான் கைவைத்தது இதில்தான். அழித்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், விண்டோஸுக்குள் இருந்து ‘செக்யூரிட்டி பிராசசர்’ பக்கம் வழியாகச் செய்வது மேல். அப்போது அடுத்த ரீஸ்டார்ட்டில் பயாஸ் திரையே நிறுத்தி, உறுதியாகத்தானா என்று ஒரு விசையை அழுத்தச் சொல்லும். கணினியின் முன்னால் மனிதர் ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு அது. ‘பிசிகல் பிரசன்ஸ் ஸ்பெக் வெர்ஷன்’ என்ற வரி இந்த ஏற்பாட்டின் பதிப்பு. 1.3 என்றிருந்தால் அப்படியே விடுங்கள்.

‘பிளாட்ஃபார்ம்’, ‘ஸ்டோரேஜ்’, ‘எண்டார்ஸ்மென்ட்’ என்று மூன்று ஹையரார்க்கி வரிகள். டிபிஎம் 2.0இல் சாவிகள் மூன்று தனிக் குடும்பங்களாக இருக்கும். முதலாவது பயாஸுக்கு. இரண்டாவது உங்களுக்கும் விண்டோஸுக்கும், பிட்லாக்கர் வேர்விடுவது இங்கேதான். மூன்றாவது, இந்தச் சிப் இன்னார்தான் என்று வெளியாருக்கு நிரூபிப்பதற்கு. மூன்றும் எனேபிள். ‘எண்டார்ஸ்மென்ட் என்றால் என்னைக் கண்காணிப்பார்களோ’ என்று அதை அணைத்துவிட்டு, அலுவலக வலையமைப்பு தன் மடிக்கணினியை ஏற்க மறுக்கிறது என்று வந்தவர் ஒருவர் உண்டு.

‘டிபிஎம் 2.0 இன்டர்ஃபேஸ் டைப்’. டிஐஎஸ் அல்லது சிஆர்பி. இயங்குதளத்தின் டிரைவர் சிப்போடு எந்த முறையில் பேச வேண்டும் என்பது இது. தனிச் சிப்கள் பெரும்பாலும் டிஐஎஸ் முறை, பிடிடியும் எஃப்டிபிஎம்மும் சிஆர்பி. பல போர்டுகளில் இந்த வரி மங்கலாக, மாற்ற முடியாமல் இருக்கும். நல்லதே.

‘டிவைஸ் செலக்ட்’. ஆட்டோ என்று விட்டால் 1.2, 2.0 இரண்டில் இருப்பதை அதுவே கண்டுபிடிக்கும். ‘டிசேபிள் பிளாக் சிட்’ என்ற வரி சில போர்டுகளில் இதே பக்கத்தில் இருக்கும். அது எஸ்எஸ்டியின் சொந்தப் பூட்டைப் பற்றியது, நம் வேலைக்குத் தொடர்பில்லை.

ஏஎம்டி போர்டுகளில் ‘இரேஸ் எஃப்டிபிஎம் என்வி’ என்று ஒரு வரி தென்பட்டால் அதை டிசேபிள் ஆக்கிவையுங்கள். புதிய பிராசசர் மாட்டினால் பழைய சாவிகளைக் கேட்காமல் அழிக்கும் ஏற்பாடு அது.

இன்னொரு பக்கத்தில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறை ஆன் ஆகியிருந்தால் டிபிஎம் 2.0 விண்டோஸில் ஒழுங்காக வேலை செய்யாது. அதை அணைக்கும் முன் டிஸ்க்கின் பிரிவுப் பட்டியல் ஜிபிடி என்ற முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். எம்பிஆர் என்ற பழைய முறை என்றால், விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் முதலில் மாற்றிவிட்டு, பிறகு அணைக்க வேண்டும். முறை தவறினால் கணினி எழவே எழாது.

சேமித்து வெளியே வந்த பிறகு

எஃப்10 அழுத்தினால் நீங்கள் மாற்றியவற்றின் பட்டியலை ஒரு சிறு பெட்டி காட்டும். பலர் படிக்காமல் எண்டரைத் தட்டுவார்கள். படியுங்கள். ஒரு வரியை மாற்றியவருக்கு அங்கே மூன்று வரி தெரிந்தால், அம்புக்குறி விசை எங்கோ வழுக்கியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள்.

விண்டோஸ் எழுந்ததும் அதே டிபிஎம் சாளரத்தைத் திறந்து முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பயன்படுத்தத் தயார் என்ற செய்தி, 2.0 என்ற எண், எதிர்பார்த்த தயாரிப்பாளர் பெயர், மூன்றும் இருக்க வேண்டும். பிறகு இடைநிறுத்திய பூட்டை ‘ரெஸ்யூம்’ செய்யுங்கள், அல்லது நீக்கிய குறியாக்கத்தைப் புதிதாகப் போடுங்கள். புதிதாகப் போட்டால் மீட்புச் சாவியும் புதிது. ரசீதுப் புத்தகத்தில் இருக்கும் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். கடைசியாக, கணினியை முழுவதும் அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி போட்டுப் பாருங்கள். ரீஸ்டார்ட்டில் தெரியாத கோளாறு சில நேரம் இதில் தெரியும்.

சிக்கல்கள் சில

ஏஎம்டி கணினியில் பிராசசரை மாற்றினாலோ, சில நேரம் பயாஸை அப்டேட் செய்தாலோ, கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி வரும். புதிய சிபியு பொருத்தப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம் தரவு பொருந்தவில்லை, அழித்துப் புதிதாகத் தொடங்க ‘ஒய்’ விசை, பழையதை வைத்துக்கொள்ள ‘என்’ விசை என்று கேட்கும். சாவி கையில் இல்லாவிட்டால் ‘என்’ விசையை அழுத்துங்கள். ‘என்’ அழுத்தினால் புதிய பிராசசரில் எஃப்டிபிஎம் இயங்காது, ஆனால் பழைய பிராசசரை மறுபடி மாட்டினால் எல்லாம் பழையபடி கிடைக்கும். எஃப்டிபிஎம்மின் தரவு மதர்போர்டின் பயாஸ் சிப்பில் எழுதப்பட்டிருந்தாலும், அதைத் திறப்பது அந்தக் குறிப்பிட்ட பிராசசர் மட்டுமே. இரண்டும் ஜோடியாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

நான்கைந்து வருடமான கணினியில் ஒரு நாள் காலை திடீரென நீலத் திரை வந்தால், முதலில் பயாஸில் தேதியைப் பாருங்கள். வருடம் பின்னோக்கிப் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பும். பழைய போர்டுகளின் ஆலை நிலையில் டிபிஎம் அணைந்திருக்கும். பேட்டரியை மாற்றி, டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவந்ததும் சாவி கேட்காமலே எழுந்த கணினிகள் என் அனுபவத்தில் உண்டு. ஆனால் இதை நம்பி இறங்காதீர்கள். சில போர்டுகளில் எஃப்டிபிஎம்மை அணைத்தால் தரவு போய்விடும் என்று மெனுவிலேயே எச்சரிக்கை எழுதியிருக்கிறது.

ரைசன் கணினியில் எஃப்டிபிஎம்மை ஆன் செய்தபின் ஒலியும் படமும் அவ்வப்போது ஒரு கணம் திக்கி நின்றால், அது உங்கள் பிரமையல்ல. ஏஎம்டியே 2022 மார்ச்சில் இதை ஒப்புக்கொண்டது. எஃப்டிபிஎம் தன் தரவை பயாஸ் சிப்பில் எழுதிப் படிக்கும்போது ஏற்படும் தாமதம். திருத்தம் புதிய பயாஸில் வந்துவிட்டது. பூட்டை இடைநிறுத்திவிட்டு பயாஸை அப்டேட் செய்யுங்கள். நம் ஊர் மின்வெட்டை நினைத்து, யுபிஎஸ் இருக்கும்போது மட்டும்.

தவறான பின் எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால் டிபிஎம் வாயை மூடிக்கொள்ளும். விண்டோஸ் இதை 32 தவறுகள் வரை அனுமதிக்கும்படி அமைக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தவறை மறந்துவிடும். பூட்டிக்கொண்டால் கணினியை ஆன் செய்த நிலையிலேயே விட்டுவிட்டு ஒரு காபி குடித்து வாருங்கள்.

லினக்ஸில்

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு பயாஸ் வேலை ஒன்றுதான். சிப்பைக் கர்னல் கண்டதா என்று பார்க்க டெவ் கோப்புறையில் டிபிஎம்0, டிபிஎம்ஆர்எம்0 என்ற இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவதுதான் பல நிரல்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தோதானது. இல்லாவிட்டால் டிஐஎஸ், சிஆர்பி என்ற அந்த வரியைப் பாருங்கள். கர்னலில் இரண்டுக்கும் தனித்தனி டிரைவர்.

கோர்பூட் போன்ற திறந்த ஃபர்ம்வேரைத் தாங்களே தொகுப்பவர்கள், மெனுகான்ஃபிக் திரையின் ‘செக்யூரிட்டி’ பகுதியில் இதே கேள்விகளைச் சந்திப்பார்கள்: டிபிஎம் வேண்டாமா, 1.2ஆ, 2.0ஆ, எழும்போது அளவெடுக்க வேண்டுமா. அளவெடுப்பதற்கான ‘மெஷர்டு பூட்’ தனித் தேர்வு. சிப்பை மட்டும் ஆன் செய்துவிட்டு அதை மறந்தால் ஃபர்ம்வேர் தன் நிரலின் அளவுகளைப் பதிவேடுகளில் சேர்க்காது. அப்படிப்பட்ட பதிவேடுகளை நம்பி டிஸ்க்கைப் பூட்டினால், ஃபர்ம்வேரை யார் மாற்றினாலும் பூட்டுக்குத் தெரியாது.

கணினியை விற்கும்போது

இவ்வளவு நேரம் கிட்டே போகாதீர்கள் என்று சொன்ன ‘பெண்டிங் ஆபரேஷன்’ வரிக்கு அன்றைக்குத்தான் வேலை. தேவையான கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்தபின், விண்டோஸை ரீசெட் செய்யுங்கள். பிறகு பயாஸில் நுழைந்து டிபிஎம் கிளியர், எஃப்10, ரீஸ்டார்ட். உங்கள் சாவி எதுவும் அந்தச் சிப்பில் மிஞ்சாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் கருவிப் பட்டியலிலிருந்தும் அந்தக் கணினியின் பெயரை நீக்கிவிட்டு, பயாஸ் பாஸ்வேர்டு ஏதும் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டு வாங்குபவரிடம் கொடுங்கள்.